ஷார்ஜாவில் சபை, காங்கேயத்தில் குடும்பம்

வெளிநாட்டுக்குப் போய் வேலையோடு வேலையாக ஊழியமும் செய்யப்போகிறேன் என்று யாராவது வந்து சொன்னால், நான் முதலில் கேட்பது "வண்டி ஓட்டுவீங்களா?" என்றுதான். பாடுவீங்களா, பிரசங்கம் பண்ணுவீங்களா என்பதெல்லாம் அப்புறம். பாடுகிறவர்களும் பேசுகிறவர்களும் வளைகுடாவின் தமிழ்ச் சபைகளில் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். ஜூலை மாத ராத்திரியில் ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பகுதியான சஜ்ஜா வரைக்கும் வேனை எடுத்துப்போய், தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் வாசலில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புவதற்குத்தான் ஆள் கிடைக்காது.

நான் ஈரோட்டுக்காரி. கணவருக்கு ஷார்ஜாவில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை, எனக்கு அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. வீட்டில் இரண்டு பேருக்கும் கணக்குதான் பிழைப்பு. பல வருடம் அங்கே இருந்து, ஒரு தமிழ்ச் சபையில் சமையலில் தொடங்கி ஞாயிறு பள்ளி வரைக்கும் கையில் கிடைத்ததையெல்லாம் செய்துவிட்டு, இப்போது பெருந்துறை ரோட்டுப் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறோம். மகனை அனுப்பப்போகிற அம்மாக்கள், கல்யாணமாகிக் கணவரோடு போகப்போகிற பெண்கள், 'கர்த்தர் வளைகுடாவுக்கு அழைக்கிறார்' என்று சொல்லும் வாலிபர்கள் எல்லாரும் வந்து கேட்கிறார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே குடியிருக்கிறவர் ஓட்ட முடியாது. பள்ளியில் சேர்ந்து, வகுப்புக்குப் போய், ரோடு டெஸ்ட்டில் தேற வேண்டும். பவானி ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே புகுந்து போய்ப் பழகியவர்கள் ரவுண்டானாவில் தோற்றுத் தோற்றுத் திரும்புவார்கள். செலவும் கொஞ்சமில்லை. இருந்தாலும் வேலை நிலைத்ததும் முதல் சேமிப்பை இதற்குப் போடுங்கள். வண்டி உள்ளவர் கையில்தான் சபையின் பாதி வேலை இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு, ஏர்போர்ட்டுக்கு, துபாயில் இருக்கிற துணைத் தூதரகத்துக்கு, கேம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் ஒருவர் ஓட்டியாக வேண்டும். அந்தப் பயணத்தில்தான் ஆட்கள் மனம் விட்டுப் பேசுவார்கள். முகத்துக்கு நேரே உட்கார வைத்து "என்னங்க தம்பி, ஏதாவது பாரமா?" என்று கேட்டால், "ஒண்ணுமில்லீங்க்கா, நல்லாருக்கேன்" என்பார்கள். முன்சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே வரும்போது, நாலு மாதமாகச் சம்பளம் வராத கதை தானாக வெளியே வரும்.

அடுத்தது கிழமை. ஊரில் ஞாயிறு என்றால் ஞாயிறு. அங்கே நாங்கள் போன காலத்தில் வெள்ளிக்கிழமைதான் ஞாயிறு. வெள்ளி காலையில் ஆராதனை, அதற்குள்ளேயே ஞாயிறு பள்ளி என்று ஓடிக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில் அமீரக அரசு வார விடுமுறையை மாற்றியது. அரசு அலுவலகங்களுக்கு வெள்ளி அரை நாள், சனி ஞாயிறு விடுமுறை. ஷார்ஜாவில் மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் விடுமுறை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தனியார் கம்பெனிகள் அவரவர் வசதிப்படி முடிவு செய்தன. பள்ளியும் ஆபீசும் ஞாயிறு லீவுக்கு வந்துவிட்டன. கட்டுமான வேலைக்காரர்களில் பலருக்கு வாரத்தில் ஒரே நாள் லீவு, அது ஒருவருக்கு வெள்ளி, இன்னொருவருக்கு ஞாயிறு. துபாயில் வேலை, ஷார்ஜாவில் குடியிருப்பு என்றிருக்கும் குடும்பங்களில் அப்பாவுக்கு ஒரு கிழமை, பிள்ளைக்கு ஒரு கிழமை.

அப்போது சபைக்குழுவில் பெரிய வாக்குவாதம் நடந்தது. 'கர்த்தருடைய நாளுக்கே திரும்பிவிடலாம், இது நமக்குக் கிடைத்த வாய்ப்பு' என்றார்கள் ஆபீசில் வேலை பார்ப்பவர்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஞாயிறு மட்டும் என்று வைத்திருந்தால் கேம்பிலிருந்து வருகிறவர்களில் பெரும்பகுதி அன்றோடு நின்றிருப்பார்கள். கடைசியில் இரண்டு நாளும் வைத்தோம், வெள்ளிக்கு ஒன்று, ஞாயிறு சாயங்காலத்துக்கு ஒன்று. இரட்டை வேலை, ஒரே பிரசங்கம். புதிதாகப் போகிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: எந்தச் சபையில் சேர்ந்தாலும், சபையில் யாருக்கு எந்தக் கிழமை லீவு, யாருக்கு நைட் ஷிப்ட் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நர்ஸ்களுக்கும் வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கும் கிழமையே கிடையாது. கிடைக்கிற இரண்டு மணி நேரத்தில் அவர்களைப் பார்க்க நாம் போக வேண்டும். 'ஏன் ஆராதனைக்கு வரவில்லை?' என்று அவர்களிடம் கேட்பது அநியாயம்.

ஆலயம் நமக்குச் சொந்தமாக இருக்காது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் யர்மூக் பகுதியில் பல சபைகளின் ஆலயங்கள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கன், மார்த்தோமா, ஆர்த்தடாக்ஸ் எல்லாரும் அங்கேதான். நிலம் ஆட்சியாளர்கள் கொடுத்தது. சொந்தக் கட்டடம் இல்லாத சபைகள் ஒரு மண்டபத்தை மணிக்கணக்கில் பகிர்ந்துகொள்ளும். நாங்கள் முடிக்கும்போது வாசலில் பிலிப்பினோ சபை கிதாரோடு நிற்கும். அவர்களுக்குப் பின்னால் உருது பேசும் பாகிஸ்தான் கிறிஸ்தவர்கள் நிற்பார்கள். ஊரில் நம் போதகர்கள், அதாவது ஐயர்மார், செய்வதுபோல 'கடைசியாக ஒரு வார்த்தை' என்று சொல்லி இன்னும் அரைமணி பேச முடியாது. எனக்கென்னவோ இது நல்ல பழக்கமாகத்தான் பட்டது. இருபது நிமிடத்தில் சொல்ல முடியாத பிரசங்கம் ஒரு மணி நேரத்திலும் சொல்லப்படுவதில்லை.

நேரம் முடிந்தாலும் பசி முடியாது. காலை ஐந்து மணிக்கு எழுந்து கேம்பிலிருந்து வந்தவர்களைச் சும்மா திருப்பி அனுப்ப மனசு வராது. ஆரம்பத்தில் பிரியாணி ஆர்டர் கொடுத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. அப்புறம் நம்ம ஊர் அரிசிம்பருப்பில் வந்து நின்றோம். நூறு பேருக்குப் பத்துக் கிலோ அரிசி, மூன்றேகால் கிலோ துவரம்பருப்பு. சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாக, சீரகம், மிளகு, வரமிளகாய், மஞ்சள்தூள், கறிவேப்பிலை. அபார்ட்மென்ட் அடுப்பில் அவ்வளவு பெரிய பாத்திரம் வைக்க முடியாது. அதனால் நாலு வீட்டில் நாலு குண்டாவில் ஒரே அளவில் வைத்து, ஹாட்பாக்ஸில் கொண்டு வருவோம். தனிக் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம். நெய்யும் ஊறுகாயும் தயிரும் போதும். தேங்காய் போட்ட எதுவும் அந்த வெயிலில் மத்தியானம் தாண்டாது, இது தாண்டும். திருநெல்வேலிக்காரர்களும் நாகர்கோவில்காரர்களும்தான் சபையில் பெருங்கூட்டம். நாங்கள் கொங்குக்காரர்கள் சிலபேர்தான். முதல் வாரம் ஓர் அண்ணாச்சி தட்டைப் பார்த்துவிட்டு, "இது என்ன டீச்சர், சோறும் பருப்பும் முன்னாடியே சண்டை போட்டு ஒண்ணாயிட்டா?" என்றார். மூன்றாம் வாரம் அவரே டிபன் பாக்ஸ் கொண்டு வந்தார்.

சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது ரமலானையும் சொல்லிவிட வேண்டும். அந்த மாதம் பகலில் பொது இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பதுதான் மரியாதை. ஆலய வளாகத்துக்குள் கொடுத்ததை வளாகத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும், பொட்டலத்தைப் பஸ் ஸ்டாப்பில் பிரிக்கக்கூடாது. தினசரி வேலை நேரம் எல்லா மதத்தாருக்கும் இரண்டு மணி குறையும் என்பதால், அந்த மாதத்தில் சாயங்கால ஜெபக்கூட்டத்துக்கு ஆள் கூடும். ஆனால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு முந்தின ஒரு மணி நேரம் வேனை ரோட்டில் இறக்காதீர்கள். எல்லாரும் வீட்டுக்குப் பறக்கிற நேரம் அது.

இனி சட்டம். ஊழியத்துக்குப் போகிற உற்சாகத்தில் பலர் இதைக் காதில் வாங்குவதேயில்லை. அமீரகத்தில் நம் விசுவாசத்தோடு வாழவும் அனுமதி பெற்ற இடத்தில் ஆராதிக்கவும் தடையில்லை. முஸ்லிம் அல்லாதவர்களின் வழிபாட்டு இடங்களுக்கென்றே 2023ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் தெருவில் நின்று பிரசங்கம் பண்ணுவது, கைப்பிரதி கொடுப்பது, முஸ்லிம்களை மதம் மாற்ற முயல்வது எதுவும் கூடாது. ஊரிலிருந்து வந்த ஒரு விருந்தினர் பெட்டி நிறையக் கைப்பிரதிகளை அடுக்கிக்கொண்டு வந்தபோது, எங்கள் செயலர் அதை அப்படியே கட்டி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். விருந்தினருக்குக் கோபம், 'விசுவாசம் இல்லை' என்று பேசிவிட்டுப் போனார். அவர் பத்து நாளில் விமானம் ஏறிவிடுவார். சபை அங்கேயே இருக்க வேண்டும், அந்த இடத்தை நம்பி எத்தனையோ கூலிக்காரர்கள் வருகிறார்கள். பணம் வசூலிப்பதும் அப்படித்தான். அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் நன்கொடை திரட்டுவது அங்கே குற்றம். யாருக்கோ ஆபரேஷன், யாருக்கோ டிக்கெட் என்று வாட்ஸ்அப்பில் கணக்கு எண்ணைப் போட்டுச் சுற்றவிடும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோவையிலிருந்து ஷார்ஜாவுக்கு நேரடி விமானம் இருப்பது நமக்கு வசதி. லீவு முடிந்து திரும்பும்போது ஊரிலுள்ள குடும்பங்கள் பார்சல் கொண்டு வந்து கொடுக்கும். பருப்புப்பொடி, கொள்ளு, முருங்கைக்கீரைப் பொடி, கறி மசாலா. வாங்கிக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொன்றையும் அவர்கள் முன்னாலேயே பிரித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். அமீரகத்தில் கசகசா தடை. நம் வீட்டு மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கும், அம்மாவுக்கு அது ஒரு குற்றமாகவே தோன்றாது. வலி மாத்திரை, இருமல் மருந்து சிலவற்றுக்கும் அந்நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். கோடீன், டிரமடால் கலந்த மருந்துகளை டாக்டர் சீட்டோடுகூட யோசிக்காமல் எடுத்துப் போகக்கூடாது. 'ஒட்டி வச்சுட்டோமுங்க, அப்படியே கொடுத்துருங்க' என்றால், "பிரிச்சுக் காட்டுங்க, நானே ஒட்டிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். வருத்தப்பட்டவர்கள் உண்டு. பரவாயில்லை.

இந்தப் பார்சல்களால்தான் எங்கள் ஊழியத்தின் முக்கியமான பகுதி எது என்று எனக்குப் பிடிபட்டது. சபையில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவர் பாதி ஆள்தான். மீதிப் பாதி காங்கேயத்திலோ கோபியிலோ சோமனூரிலோ இருக்கிறது. விசைத்தறி நொடித்துப்போய்க் கடனோடு வந்தவருக்கு, தறி விற்ற காசில் வட்டி போக எவ்வளவு நின்றது என்பதுதான் ஜெப விண்ணப்பம். அது தெரியாமல் 'சமாதானத்தோடு போங்கள்' என்று ஆசீர்வதித்து அனுப்புவதில் என்ன இருக்கிறது? அதனால் ஒவ்வொரு லீவிலும் கொஞ்ச நாளை ஒதுக்கி, சபையாரின் வீடுகளுக்குப் போய் வருவதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

போவதற்கு முன் அந்தக் கணவரிடமோ மகனிடமோ ஒன்று கேட்டுக்கொள்வேன்: "ஊட்ல எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது?" இதைக் கேட்காமல் போகவே கூடாது. காங்கேயம் பக்கம் ஒரு வீட்டில் அந்தப் பெண் எனக்குக் காப்பி கொடுத்துவிட்டு, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபடி கேட்டாள்: "ஏனுங்க்கா, அவரு எளைச்சுட்டாருங்களா? போட்டோல கழுத்தெலும்பு தெரியுது." அவருக்கு மாதக்கணக்கில் சம்பளம் பாக்கி, ரூமில் ஒருவேளைச் சோறுதான். வீட்டுக்கு மட்டும் கடன் வாங்கிப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அதைச் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். "வெயில்ல வேலைம்மா, கொஞ்சம் எளைச்சிருக்கார். இந்த மாசம் நகை எதுவும் மீட்க வேண்டாம், கையில காசு வெச்சுக்க" என்று மட்டும் சொன்னேன். அவள் கெட்டிக்காரி, புரிந்துகொண்டாள். மேலே எதுவும் கேட்கவில்லை, அவளே போன் பண்ணி அவரிடம் பேசியிருக்கிறாள். அதற்கப்புறம்தான் அவர் தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கச் சம்மதித்தார். சம்பளம் வங்கி போன்ற அனுமதி பெற்ற நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் கம்பெனி பிடித்து வைப்பதும் சட்டவிரோதம். இதெல்லாம் கேம்பில் இருப்பவர்களுக்குத் தெரிந்தும் பயப்படுவார்கள். கூடப் போய் உட்கார ஒருவர் இருந்தால் பயம் பாதியாகும். அந்த ஒருவராக இருப்பதுதான் ஊழியம் என்று நான் நினைக்கிறேன்.

போன் விஷயத்தையும் இதோடு சொல்லிவிடுகிறேன். அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் செய்தி போகும், போட்டோ போகும், கால் போகாது. அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலிகளில்தான் பேச வேண்டும். இது தெரியாமல் மகன் போன முதல் வாரம் வயதான அமுச்சி ஒருத்தர் அழுதே ஓய்ந்துவிட்டார், 'எடுக்கவே மாட்டேங்கறானே' என்று. கிளம்புவதற்கு முன்பே வீட்டிலுள்ள போனில் அந்தச் செயலியைப் போட்டு, பெரியவர்களுக்கு இரண்டு தரம் பேசிக் காட்டிவிட்டுப் போங்கள்.

வெயில் காலம்தான் சோதனைக் காலம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, மத்தியானம் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது என்பது அங்கே சட்டம். நல்ல சட்டம், ஆனால் வேலை விடியலுக்கும் சாயங்காலத்துக்கும் தள்ளிப்போகும். ஆட்கள் களைத்துப்போவார்கள். அதே நேரத்தில் ஜூலை, ஆகஸ்டில் பள்ளி மூடுகிறது. டீச்சர்கள், ஆபீஸ்காரர்கள், பிள்ளை உள்ள குடும்பங்கள் எல்லாம் ஊருக்குப் பறந்துவிடுகின்றன. அதாவது சபையில் பொறுப்பில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் காணாமல் போவார்கள், டிக்கெட் வாங்க வழியில்லாதவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். மனச்சோர்வும் குடியும் கடன் சண்டையும் அந்த இரண்டு மாதத்தில்தான் முற்றும். இதற்கு நாங்கள் கண்ட வழி, லீவைப் பிரித்துக்கொள்வது. ஒரு வருடம் நாங்கள் இருப்போம், நாகர்கோவில் குடும்பம் போகும். அடுத்த வருடம் மாற்றி. ஊரில் அம்மா 'பேரப்பிள்ளைகளைக் கண்ணுல காட்ட மாட்டியா' என்று பேசத்தான் செய்வார். டிசம்பரில் போவோம் என்று சமாதானம் சொல்ல வேண்டியதுதான்.

அப்புறம் சாவு. இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. ஏசி மெக்கானிக் ஒருவர், நம் பக்கத்து ஆள், ரூமில் தூக்கத்திலேயே போய்விட்டார். போலீஸ் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், விசா ரத்து, துணைத் தூதரகத்தில் பாஸ்போர்ட்டை ரத்து செய்து வாங்கும் தடையில்லாச் சான்று, உடலைப் பதப்படுத்துதல், விமானச் சரக்குப் பிரிவில் பதிவு என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரும். ஊருக்குக் கொண்டுபோவதா அங்கேயே அடக்கம் செய்வதா என்று குடும்பத்தின் சம்மதம் எழுத்தில் வேண்டும். வேலையில் இருக்கும்போது இறந்தவரின் உடலை அனுப்பும் செலவு சட்டப்படி முதலாளியுடையது, இதைக் கம்பெனிக்கு நினைவுபடுத்த வேண்டியிருக்கும். கையில் ஒன்றுமே இல்லாத நிலையில், தூதரகத்தில் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது, கேட்கலாம். பத்தாவது தேறாமல் போனவர்களின் பாஸ்போர்ட்டில் குடிப்பெயர்வு அனுமதி வேண்டும் என்ற முத்திரை இருக்கும். அவர்கள் முறைப்படி பதிவு செய்து போயிருந்தால் பிரவாசி பாரதிய பீமா யோஜனாவில் விபத்து மரணத்துக்குப் பத்து லட்ச ரூபாய் காப்பீடு உண்டு. அந்தப் பாலிசித் தாள் ஊரில் யாரிடமும் இருப்பதில்லை.

அந்த ஏசி மெக்கானிக் விஷயத்தில் அங்கே எல்லாம் சரியாக நடந்தது. சிக்கல் ஊரில் வந்தது. அவர் வெளிநாடு போன நாளிலிருந்து சொந்த ஊர்ச் சபைக்குச் சந்தா கட்டவில்லை. சபைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போயிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுப்பதற்கு அங்கிருந்த கமிட்டி தயங்கியது. உடல் கோவை ஏர்போர்ட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது, இங்கே பாக்கிக் கணக்கு பேசிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. கடைசியில் போதகர் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் குழி வெட்டினார்கள். அதிலிருந்து எங்கள் சபையில் சேருகிறவர்களிடம் முதல் மாதமே சொல்லிவிடுவோம்: ஷார்ஜாவில் காணிக்கை போடுகிறீர்களோ இல்லையோ, ஊர்ச் சபைச் சந்தாவை வருடா வருடம் கட்டி ரசீதை வீட்டில் வையுங்கள். கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கவும், அதாவது ஆலயத்தில் கல்யாண அறிவிப்பு சொல்லவும், பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கும், திடப்படுத்தலுக்கும் அந்தப் பெயர்தான் வேண்டும். ஷார்ஜாவில் இருக்கும் போதகரிடம், இவர் இத்தனை வருடம் எங்கள் ஆராதனையில் பங்கு பெற்றார் என்று ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாத லீவில் வந்து, கடிதம் இல்லாமல் மூன்று வார ஓலைக்கு அலைகிற மாப்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஊர்ச் சபைக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. கோபுரம் கட்ட, காம்பவுண்டு கட்ட என்று எங்களுக்கு வருகிற கடிதங்களுக்குக் கணக்கே இல்லை. அனுப்ப ஆசைதான். ஆனால் வெளிநாட்டுச் சபை மொத்தமாகத் திரட்டி அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் வரும். அதற்குப் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது அதில் சேராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சேரும். ஆகவே ஒவ்வொருவரும் தன் பெயரில், தன் கணக்கிலிருந்து, சபையின் வங்கிக் கணக்குக்கு. கமிட்டிக்காரர் ஒருவரின் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். அவர் நல்லவர்தான். இருந்தாலும் வேண்டாம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "என்னங்க டீச்சர், ஜெபத்தப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு நம் ஊர்க் கதையைத்தான் சொன்னேன். கோவையில் லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 1830ல் வேலை தொடங்கியது. ஈரோட்டில் பிரப் நினைவாலயத்தைப் பார்க்கிறோமே, அந்தப் பிரப் ஐயர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர். அதே ஈரோட்டில் இருந்த பாப்ளி ஐயர் நம் சங்கீதத்தை முறையாகப் படித்து, கீர்த்தனைகளைச் சபைகளில் பரப்பினார். அவர்களுக்கு நம் ஊர்தான் வெளிநாடு. வெயிலும் வயிற்றுப்போக்கும் புரியாத பேச்சும் அவர்களுக்கும் இருந்தன. மொழி படித்தார்கள், சாப்பாடு பழகினார்கள், அப்புறம்தான் மற்றதெல்லாம். அவர்களும் ஜெபித்திருப்பார்கள். அதை விட்டுவிட்டு நான் பேசவில்லை. ஜெபிக்கிறவர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் விட்டேன்.

பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம். அங்கே வளரும் பிள்ளை தமிழ் பேசும், வாசிக்காது. ஞாயிறு பள்ளியில் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு ஒப்பிக்கும். நாங்கள் மனப்பாட வசனத்தைக் குறைத்துவிட்டு, மாதம் ஒரு சங்கீதத்தைத் தமிழில் பார்த்து வாசிக்க வைத்தோம். பெற்றோர் முணுமுணுத்தார்கள், போட்டியில் பரிசு போகிறது என்று. லீவில் ஊருக்கு வந்தபோது ஒரு பையன் தன் தாத்தாவுக்கு, நாங்கள் அப்பாரு என்போம், கட்டிலோரம் உட்கார்ந்து இருபத்து மூன்றாம் சங்கீதத்தைத் திக்கித் திக்கி வாசித்தான். அப்பாரு அதைக் கேட்டுவிட்டு, "எழுத்துக் கூட்டறான், பரவால்ல" என்றார். கொங்கு நாட்டில் அது பெரிய பாராட்டு.

திரும்பி வருவதற்கும் தயாராக வேண்டும். அங்கே எல்லாப் பொறுப்பும் நம் தலையில் இருந்திருக்கும். இங்கே நாம் இல்லாமலே சபை நன்றாக நடந்துகொண்டிருக்கும், நமக்காக நாற்காலி காலியாக இருக்காது. கொஞ்ச நாள் பின்பெஞ்சில் உட்காருங்கள். 'அங்கெல்லாம் நாங்க...' என்று தொடங்கும் வாக்கியங்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு இது சுலபமாக வந்தது, எனக்கு வரவில்லை.

இப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், வளைகுடாவில் ஆள் இருக்கும் குடும்பத்துப் பெண்கள் எங்கள் வீட்டில் கூடுகிறார்கள். கொஞ்சம் பாட்டு, கொஞ்சம் ஜெபம், மற்றபடி ஃபைல் வேலைதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபைல்: பாஸ்போர்ட், விசா, எமிரேட்ஸ் ஐடி நகல்கள், வேலை ஒப்பந்த நகல், காப்பீட்டுத் தாள், வங்கிக் கணக்கின் நாமினி விவரம், சந்தா ரசீது, கம்பெனியின் போன் நம்பர். கடைசியாக, கூட ரூமில் இருப்பவரின் நம்பர். எல்லாரும் விட்டுவிடுவது இந்தக் கடைசி நம்பரைத்தான். அவசரத்தில் முதலில் வேலைக்கு ஆவதும் அதுதான். சென்னிமலையிலிருந்து வரும் ஓர் அம்மா, "அவங்கிட்ட ரூம்காரரு நம்பரக் கேட்டா, நம்பலையான்னு கோவிச்சுக்குவானுங்க" என்று தயங்கினார். கோவித்துக்கொள்ளட்டும், வாங்கிவிடுங்கள் என்றேன். அடுத்த கூட்டத்துக்கு இரண்டு நம்பரோடு வந்தார். ஒருவர் மலையாளி, ஒருவர் நேபாளி. மலையாளியோடு சமாளித்துக்கொள்வாராம். நேபாளிக்கு மட்டும், "அவசரம், மகனைக் கூப்பிடவும்" என்று இந்தியில் ஒரு வரியைத் தமிழ் எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். எழுதி ஃபைலில் ஒட்டியிருக்கிறோம்.